நூறடி ஏணி

1911-ம் வருஷம் மார்ச்சு 25-ந் தேதி நியூயார்க் நகரில் ட்ரையாங்கிள் என்னும் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியது. எட்டாம் தளத்திலிருந்து மேலே நெருப்பு. தீயணைக்கும் படையின் ஏணியோ ஆறாம் தளத்தோடு நின்றுவிட்டது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம் பெண்கள்.

“ஏணியை இன்னும் சற்று நீளமாகச் செய்திருக்கலாகாதா?” என்றே நமக்கு வெகு காலம் தோன்றி வந்தது. செய்யலாம்தான். ஆனால் நீளம் ஏற ஏறப் பாரமும் ஏறுகிறதே! வீட்டு மூங்கில் ஏணிக்கே அடியில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நூறடி உலோக ஏணிக்கு லாரியின் இரு புறமும் இரும்புக் கால்களை அகல நீட்டி ஊன்றுகிறார்கள். அகலம் குறைந்தால் வண்டி கவிழும். அகலம் மிகுந்தால் குறுகிய தெருவில் ஊன்ற இடமில்லை. ஏணியைத் தாழச் சாய்த்து எட்டவிட்டாலோ, நுனி தாங்கக்கூடிய பாரம் குறைந்துவிடுகிறது. நுனியில் மேடை அமைத்தால் மூர்ச்சையானவரை இறக்குவது எளிது. அந்த மேடையைச் சுமக்க வண்டியே பெருக்க வேண்டும்.

ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தாரின் ஏற்பாடு நமக்கு மிகவும் பிடிக்கிறது. அங்கே நீண்ட ஏணி வண்டியின் பின் சக்கரங்களைத் திருப்பவென்றே பின்னால் மற்றொரு சாரதி உட்காருகிறார். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் போல, மூலை திரும்பும் கணம் அவர் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் இருவரைப் பழக்க வேண்டும். அதுதான் அதற்கு விலை.

லண்டனில் 2017-ல் கிரென்ஃபெல் கட்டிடத் தீயில் 72 பேர் மாண்டனர். அதன் பிறகே அந்நகரம் 64 மீட்டர் ஏணிகளை வாங்கியது. அவையும் ஒரு சிலவே.