பனியன் கம்பெனிப் பசி

பனியன் கம்பெனிப் பசி என்று ஒன்று உண்டு. காலை எட்டரைக்கு மிஷின் ஓடத் தொடங்கினால் ராத்திரி எட்டரைக்குத்தான் ஒன்றரை ஷிப்ட் முடியும். பஞ்சுத் தூசி புருவத்தில் படியும், கழுத்து இறுகும், ஓவர்லாக் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது வாயசைவாக மட்டுமே தெரியும். பதினோரு மணி டீ வருவதற்கு அரை மணி நேரம் முன்பே எல்லார் காதும் வாசல் பக்கம் திரும்பிவிடும். குடித்த டீயும் தின்ற வடையும் போன இடம் தெரியாது. மத்தியானம் தூக்குப்போசியைத் திறக்கும்போது கை நடுங்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொரு டீ, கூட ஒரு தேங்காய் பன். வேலை விட்டதும் கால் தானாகப் புரோட்டாக் கடைக்கு நடக்கும். திருப்பூர் பதினஞ்சு வேலம்பாளையத்தில் என் வயதுக்காரர்களுக்குக் கடிகாரம் வயிற்றில்தான் இருந்தது.

அந்தப் பசி இப்போது என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குக் கோவையில் நாள் குறித்திருக்கிறார்கள். சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நிற்கும் தூக்கம், படியேற மறுக்கும் முட்டி எல்லாம் சேர்ந்து அங்கே கொண்டுபோய்விட்டன. ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாடு. சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, கிழங்கு, பழம், சர்க்கரை போட்ட டீ எதுவும் கிடையாது. காலையில் இரண்டு முட்டை அல்லது தண்ணீரில் கலக்கிய புரோட்டீன் பவுடர். மதியம் உள்ளங்கை அளவு கோழிக்கறியோ பன்னீரோ, ஒரு கிண்ணம் முட்டைக்கோஸ் பொரியல், வெள்ளரிக்காய், மோர். ராத்திரி காளான் சூப்பும் வெள்ளைக்கருவும். மொத்தம் ஒரு நாளைக்கு 800 முதல் 1,000 கலோரிக்குள் நிற்க வேண்டும்.

"கம்பு, ராகி சாப்பிடலாமுங்களா? சிறுதானியம்தானுங்களே?" என்று டயட்டீஷியனிடம் கேட்டுப் பார்த்தேன். என் மகள் வயது அவருக்கு. "அதுலயும் மாவுச்சத்துதான் சார் ஜாஸ்தி. ஆபரேஷன் முடிஞ்சு சில மாசம் போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

வயிற்றில் செய்யும் ஆபரேஷனுக்கு இவ்வளவு கெடுபிடி கல்லீரலுக்காக. கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் பகுதியில் கவிந்து கிடக்கிறது. சின்னத் துளைகள் வழியாகக் கருவியை விட்டுச் செய்யும் ஆபரேஷனில் அந்த மடலைத் தூக்கிப் பிடித்தால்தான் டாக்டருக்கு இரைப்பை தெரியும். என்னைப் போன்ற உடம்பில் அது கொழுப்பேறிப் பருத்து, தூக்கினால் கிழிந்து ரத்தம் கசியும் நிலையில் இருக்கும். மாவுச்சத்து வருவது நின்றால் கல்லீரல் தன்னிடம் சேர்த்துவைத்த கிளைகோஜனை முதலில் எடுத்துச் செலவழிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் தண்ணீரும் கூடவே இறங்கும். பிறகு கொழுப்பு கரையும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், மிகக் குறைந்த கலோரி உணவில் 12 வாரம் இருந்தவர்களின் கல்லீரல் சராசரியாக 19 சதவீதம் அளவுக்குச் சுருங்கியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் இரண்டு வாரத்திலேயே நடந்துவிட்டது. எனக்குக் கொடுத்த இரண்டு வாரக் கெடுவின் கணக்கு இதுதான்.

தராசில் முள் சட்டென்று இறங்கியதைப் பார்த்து வீட்டுக்காரிக்குச் சந்தோஷம். பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்று சொல்லி நான் அதைக் கெடுக்கவில்லை. சர்க்கரை மாத்திரையின் அளவை டாக்டர் முதல் நாளே குறைத்துவிட்டார். சோற்றை நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே மாத்திரையோ இன்சுலினோ போட்டால் சர்க்கரை தாழ்ந்து ஆள் விழுந்துவிடலாம். எங்கள் வீதியில் யாரோ சொன்னார்கள் என்று தானாகவே சோற்றை விட்டவர்கள் உண்டு. அவர்களிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் சோற்றுக்கு ஏங்குகிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள். அதுவும் பொய்யில்லை. நெல்லஞ்சோறு எங்கள் குடும்பத்துக்குள் தாமதமாக வந்த விருந்தாளி. அம்மிச்சி காலத்தில் இந்த மேட்டாங்காட்டு ஊர்களில் கம்பும் சோளமும் ராகியும்தான் அடுப்பில் இருந்தன. நெல்லஞ்சோறு நோம்பி நொடிக்கும், காய்ச்சல்காரனுக்கும், வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கும். பனியன் கம்பெனி வந்த பிறகு, சனிக்கிழமைச் சம்பளத்தோடு அரிசி வீட்டுக்கு வந்தது. 2008இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது; 2011இல் விலையில்லாமலே வந்தது. இரண்டு தலைமுறை உழைத்துக் கிடைத்த வெள்ளைச் சோற்றை, அதில்தான் வினை என்று சொல்லித் தட்டிலிருந்து எடுக்கும்போது, ஏதோ குடும்பச் சொத்தை எழுதிக் கொடுப்பதைப் போலிருக்கிறது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று நாடு தழுவிய ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. என் தட்டில் அது இன்னும் மேலே இருந்திருக்கும்.

சோற்றிலும் எனக்கு ஒன்றின் மேல்தான் குறி: அரிசிம்பருப்பு. சனிக்கிழமை ராத்திரி சம்பளக் கவரோடு வந்தால் அம்மா அதைத்தான் ஆக்கியிருப்பார். சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், மிளகு, கொஞ்சம் தேங்காய்க் கீற்று; அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாகவே குழைந்து வேகும். மேலே நெய் விட்டு, அப்பளத்தை நொறுக்கி, இரண்டாம் தட்டுக்குத் தயிர். அதைச் சாப்பிட்டுவிட்டுப் பாயில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை வெயில் முகத்தில் அடிக்கும் வரை எழுந்ததில்லை. இப்போது வீட்டுக்காரி எனக்காக அதை ஆக்குவதையே நிறுத்திவிட்டாள். "நீங்க பாத்துட்டு உக்காந்திருக்க, நாங்க எப்படீங்க திங்கறது?" என்கிறாள். நான் ஆக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்தேன். வாசனை வந்தது. நாக்கில் எச்சில்கூட ஊறியது. ஆனால் வயிறு பேசாமல் கிடந்தது. அன்றைக்குத்தான் தெரிந்தது, போய்க்கொண்டிருப்பது சோறு மட்டும் இல்லை என்று.

முதல் சில நாட்கள் தலைவலி, வாய் நாற்றம், எதற்கெடுத்தாலும் எரிச்சல். அதைத் தாண்டியதும் உடம்பு கொழுப்பை எரித்து ஓடப் பழகிக்கொள்கிறது. அப்போது பலருக்குப் பசி மட்டுப்படுகிறது. ஆபரேஷனுக்குப் பின் இது இன்னும் போகும். எனக்குச் செய்யப்போவது ஸ்லீவ் முறை. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாயளவு மட்டும் விடுவார்கள். எடுத்ததை மறுபடி வைக்க முடியாது. வெட்டுப்படும் பகுதியில் இரைப்பையின் மேற்கூரையும் சேர்த்தி. கிரெலின் என்ற பசி ஹார்மோனை உடம்பு அதிகமாகச் சுரப்பது அங்கேதான். 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த ஹார்மோன் அது. அதுவரைக்கும் வயிற்றைக் கிள்ளியது எதுவென்று தெரியாமலேயே நாங்கள் டீக்குக் காத்திருந்திருக்கிறோம். ஆபரேஷனுக்குப் பின் மாதக்கணக்கில் பசி பெயரளவுக்குத்தான் இருக்கும், பலருக்குப் பிறகு கொஞ்சம் திரும்பும் என்கிறார் டாக்டர்.

மாவுச்சத்தை விட்டு இளைத்தவர்களில் பெயர் வாங்கிய முதல் ஆள் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பேண்டிங். சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் தொழில்காரர். குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாமல், மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தவர். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை விடச் சொன்னவர் அவருடைய டாக்டர் வில்லியம் ஹார்வி. கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்ற பிரெஞ்சு விஞ்ஞானி க்ளாட் பெர்னாரின் கருத்தைப் பாரிஸில் கேட்டுவிட்டு வந்தவர் ஹார்வி. ஓராண்டில் ஏறக்குறைய 21 கிலோ இறங்கிய பேண்டிங், 1863இல் தன் அனுபவத்தைச் சிறு நூலாக அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். அவருக்குக் கறியும் மீனும் ஒயினும் இருந்தன, கத்தி இல்லை. எனக்கு அவரோடு ஒத்துப்போவது ஷூ லேஸ் மட்டும்தான்.

என் உடம்பு பெருத்த கதை சுருக்கமானது. எண்பதுகளில் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்தேன், அப்புறம் ஓவர்லாக், அப்புறம் கட்டிங். வெளிநாட்டு ஆர்டருக்கு நாலு எக்ஸ்எல் மார்க்கரை டேபிளில் விரித்தபோது, "இதுக்குள்ள ரெண்டு பேர் படுக்கலாமே" என்று சிரித்திருக்கிறோம். சொந்தமாகப் பவர்டேபிள் என்கிற தையல் யூனிட் போட்ட பிறகு நான் நாற்காலிக்கு வந்துவிட்டேன். வேலை நாற்காலிக்கு மாறியதே தவிர, பசி கட்டிங் டேபிளிலேயே நின்றது. ஷிப்மென்ட் நாட்களில் நடுராத்திரி புரோட்டாவும் தொடர்ந்தது. இப்போது அந்த நாலு எக்ஸ்எல் எனக்கே சரியாக இருக்கிறது.

பசிக்கு ஏங்குவது வயிறு நிறைந்தவன் பேச்சு என்று என் அப்பா இருந்தால் சொல்லியிருப்பார். 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. சனிக்கிழமை வரும், சம்பளம் வராது. கடைக்காரர் நோட்டில் எழுதுவதை நிறுத்திய பிறகு, அம்மா கம்பங்கூழில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனார். அந்தப் பசிக்கு யாரும் ஏங்க மாட்டார்கள், நானும்தான். நான் ஏங்குவது ஆறு மணிக்கு டீ நிச்சயம் என்று தெரிந்த பசிக்கு. உழைத்துச் சம்பாதித்த பசி அது. காய்ந்த பன்னையும் ருசியாக்கியது அதுதான். பக்கத்து மிஷின்காரரின் போசியில் எட்டிப் பார்க்க வைத்ததும், அவருக்கும் எனக்கும் ஒரு வடையைப் பிய்க்க வைத்ததும் அதுதான். பசியில்லாமல் சாப்பிடுகிறவன் தனியாகத்தான் சாப்பிடுவான். என் புரோட்டீன் பவுடரில் பங்கு கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.

ஆபரேஷன் வேண்டாம் என்று இதற்காகச் சொல்லிவிட முடியாது. முட்டியும் சர்க்கரையும் அதற்கு இடம் கொடுக்காது. ஆபரேஷன் முடிந்ததும் முதலில் தெளிந்த திரவ உணவு, பிறகு கெட்டியான திரவ உணவு, பிறகு மசித்தது, அப்புறம்தான் மெல்லக்கூடிய உணவு. கறியோ முட்டையோ பருப்போ முதலில் உள்ளே போக வேண்டும். இடமிருந்தால் இரண்டு கரண்டி சோறு. இலையின் நடுவில் இருந்தது ஓரத்துக்கும், ஓரத்தில் இருந்தது நடுவுக்கும் மாறப்போகிறது. இரும்பு, கால்சியம், பி12 மாத்திரைகள் ஆயுசுக்கும். அரிசிம்பருப்பு என்றைக்காவது இரண்டு கரண்டி கிடைக்கும். அதோடு நான் சமாதானம் ஆகிவிடுவேன்.

யூனிட் விஷயத்தில்தான் யோசனையாக இருந்தது. டீ சொல்வது இத்தனை வருஷமும் என் வேலை. என் வயிறு சொல்லும், நான் கடைக்குப் போன் போடுவேன். ஒடிசாப் பையன்களும் தேனிப் பக்கத்துப் பெண்களும் நான் போன் எடுப்பதைப் பார்த்ததும் நிமிர்வார்கள். இப்போது ஆறு மணியானாலும் என் வயிற்றில் ஒரு தகவலும் இல்லை. செக்கிங் பார்க்கும் அக்கா பக்கத்தில் வந்து, "ஏனுங்ண்ணா, டீ சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். டீக்கடை நம்பரையும் கணக்கு நோட்டையும் அவரிடமே கொடுத்து, இனிமேல் என்னைக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பசி திரும்புகிறதோ இல்லையோ, டீ எப்போது வர வேண்டும் என்பதைப் பசிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும்.