யாழ்ப்பாண யாத்திரை: கறுத்தக்கொழும்பான்

சென்ற இதழில் கீரிமலைக் கேணிக்கரையில் நிறுத்திய பிரயாணத்தை, காங்கேசன்துறை வீதி வழியே தெற்கு நோக்கித் தொடர்ந்து சுன்னாகம் சந்தையை அடைந்தபோது, ஆனி மாதத்து மாம்பழப் பரிமளமே எங்களை வரவேற்றது. விலாட், அம்பலவி, செம்பாட்டான், வெள்ளைக்கொழும்பான் என்று பலவும் குவிந்திருந்தபோதிலும், ஜனங்கள் முதலில் விசாரித்தது கறுத்தக்கொழும்பானையே. கரும்பச்சைத் தோலும், பழுத்த பின்னும் அப்பச்சை முற்றும் நீங்காத சுபாவமும் உடைய பழம் அது. "இதைப் பார்த்து வாங்கேலாது, தம்பி. காம்படியில மணந்துதான் வாங்கோணும்" என்றார் விற்றுக்கொண்டிருந்த அம்மையார். உள்ளே ஆழ்ந்த செம்மஞ்சள் சதை. நாரின் தொல்லை கிடையாது. அதன் மாதுரியத்துக்கு நிகராக நான் வேறு மாம்பழம் உண்டதில்லை.

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத இக்குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்த செம்பாட்டு மண்ணும், அக்கல்லின் ஊடே ஊறிவரும் கிணற்று நீரும், மார்கழியோடு பெருமழை ஓய்ந்து மாம்பூ கருகாமல் பிஞ்சு பிடிப்பதற்கு அனுகூலமாக வரும் வறண்ட மாதங்களும் சேர்ந்தே இந்தச் சுவையை ஆக்குகின்றன என்பது என் அபிப்பிராயம்.

அன்று மாலை எங்களை உபசரித்த கொக்குவில் இல்லத்தில், கிணற்றடி மரத்திலிருந்து கொக்கத்தடியால் நிலத்தில் விழாமல் பறித்த காய்களை வைக்கோலில் அடுக்கிப் பழுக்க வைத்திருந்தார்கள். முற்றாத காய் சம்பலுக்கும் சொதிக்கும், சிறுவர்களின் கையில் உப்புக்கும் மிளகாய்த்தூளுக்கும். இலை நிறைகுடத்துக்கும் தோரணத்துக்கும். பழமோ, காலையில் அவித்த புட்டோடு பிசைந்து உண்பதற்கு. அந்தப் புட்டை உண்டவர்களுக்கு, நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் மகோற்சவத்தில், தேருக்கு முன்னே மாம்பழத்துக்கென்றே ஒரு திருவிழா நடப்பதில் ஆச்சரியம் தோன்றாது.

1995 ஐப்பசியில் போரின் காரணமாக வலிகாமத்து ஜனங்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது, நீர் வார்க்க ஆளின்றிப் போன வளவுகள் எத்தனையோ! இன்றோ, பிரித்துக் கட்டப்படும் வீடுகளுக்காக முதுமரங்கள் சாய்க்கப்படுகின்றன. விதையில் முளைத்த கன்று தாய்மரத்தின் குணத்தை அப்படியே தரும் என்ற நிச்சயமில்லை. ஒட்டுக்கிளையே அதைக் காக்கும். ஆதலால், யாழ்ப்பாணத்தில் வளவு உடைய அன்பர்களே, கடல் கடந்து வாழ்வோரே, உங்கள் முற்றத்து மரத்தை வெட்டியே தீரவேண்டுமாயினும், அதற்கு முன் அதன் கிளையில் இரண்டு ஒட்டுக்கன்றுகளேனும் எடுத்து, ஒன்றை நீங்கள் நட்டு, மற்றதை அயலவருக்குக் கொடுங்கள்.