எழுத முடியாத ஆர்டர் புத்தகம்

திங்கள்

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை. 1958-ல் தொடங்கிய பேட்டை இது. உலோகம் கடையும் சத்தம் இன்னும் ஓயவில்லை. ஆர்டர் எழுதும் நீள நோட்டுதான் போய்விட்டது. வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், எத்தனை புஷ், என்ன அளவு, என்றைக்கு டெலிவரி எல்லாம் ஓர் இணையப் பக்கத்தின் வழியாக சர்வரில் இருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பில் ஏறுகின்றன. வார இறுதியில் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு அனைத்தும் மாறின. காலையில் பட்டறைக்காரர் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளருக்குப் போன் செய்தார்.

“என்னம்மா, பழைய ஆர்டரெல்லாம் தெரியுது. புதுசு ஒண்ணும் ஏற மாட்டேங்குது.”

“தெரியுதுன்னா டேட்டா பத்திரமா இருக்கு சார். பார்த்துட்டுச் சொல்றேன்.”

படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றாலே சந்தேகம் அனுமதிகள் மேல் போக வேண்டும். கோப்புகளை நகலெடுத்தது ரூட் என்ற நிர்வாகக் கணக்கு. ஆகவே அவற்றின் உரிமையாளரும் ரூட். உபுண்டுவில் அப்பாச்சி என்ற இணைய சர்வர் ஓடுவதோ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற தனிப் பயனர் பெயரில். கோப்பின் அனுமதி எண் 644: உரிமையாளர் எழுதலாம், மற்ற எல்லாரும் படிக்க மட்டுமே.

செவ்வாய்

கோப்பின் உரிமையாளரைப் பொறியாளர் மாற்றினார். ஆர்டர் ஏறவில்லை. டேட்டாபேஸ் படிப்பதற்கு மட்டும் என்ற பிழைச் செய்தி.

“அக்கா, ஃபோல்டருக்கு 777 போட்டுடலாம். உடனே ஓடும்,” என்றான் உடன் வேலை செய்யும் பையன்.

ஓடும்தான். அந்த சர்வரில் கணக்கு உள்ள யாரும், ஓடும் எந்த நிரலும் அந்த ஃபோல்டரில் எழுதலாம், இருப்பதை அழிக்கலாம் என்பதும் அதற்குள் அடக்கம். ஒரே சர்வரில் நாலு கம்பெனிகளின் தளங்கள் இருந்து, அவற்றில் ஒன்று ஓட்டையான பழைய நிரலாக இருந்தால், அதன் வழியே புகுந்தவன் லேத் பட்டறையின் ஆர்டரையும் அழித்துவிட்டுப் போவான். அவசரத்தில் 777 போடுகிறவர்கள் வேலை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறார்கள். வேலை ஓடத் தொடங்கியபின் அதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

உண்மைக் காரணம் எஸ்க்யூலைட் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. பேரேட்டில் திருத்துவதற்கு முன் பழைய தொகையைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளும் கணக்குப்பிள்ளையைப் போல, அது ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் பழைய பக்கங்களை ஜர்னல் என்ற தற்காலிகக் கோப்பில் எடுத்து வைக்கிறது. பாதி வேலையில் மின்சாரம் போனாலும் மீண்டும் பழைய நிலைக்கு வர அதுதான் துணை. அந்த ஜர்னல் உருவாகும் இடம் டேட்டாபேஸ் இருக்கும் அதே ஃபோல்டர். ஆக, கோப்பில் மட்டும் எழுதும் உரிமை போதாது, ஃபோல்டரிலும் வேண்டும்.

ஃபோல்டர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவின் பெயருக்கு மாறியது; அனுமதி 750. கோப்புக்கு 640. முதல் ஆர்டர் ஏறியது. அதோடு விடவில்லை அவர். டேட்டாபேஸ் கோப்பு தளத்தின் பொது ஃபோல்டருக்குள்ளேயே கிடந்தது. அதன் பெயரை ஊகித்து முகவரிப் பெட்டியில் அடித்தால் யாரும் முழுக் கோப்பையும் இறக்கிக்கொள்ளலாம். அதை வெளியே தனி இடத்துக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் அன்று நடந்ததில் இதுதான் பெரிய வேலை.

புதன்

இந்த அனுமதி முறை யூனிக்ஸிலிருந்து வந்தது. 1971 நவம்பரில் வந்த அதன் முதல் கையேட்டில் உரிமையாளர், மற்றவர் என்று இரண்டே பிரிவுகள். குழு பிறகுதான் சேர்ந்தது. அரை நூற்றாண்டு கழித்தும் கிண்டியில் ஒரு ஆர்டர் ஏறுவதும் ஏறாததும் அந்தச் சில பிட்டுகளைப் பொறுத்தே இருக்கிறது.

வியாழன்

அடுத்த தெருவில் இன்னொரு கடை. இங்கே படிக்கவும் முடியவில்லை. கோப்பு சரி, ஃபோல்டர் சரி. ஆனால் அது இருப்பது ஒருவரின் ஹோம் ஃபோல்டருக்குள். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டர்களின் அனுமதி 755-லிருந்து 750 ஆகிவிட்டது; அதாவது வெளியார் உள்ளே நுழைய முடியாது. வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் கடந்து செல்லும் உரிமை இல்லாவிட்டால் கடைசி ஃபோல்டருக்கு என்ன அனுமதி தந்தும் பயனில்லை. நேம்ஐ என்ற கட்டளை பாதை முழுவதையும் படிப்படியாகக் காட்டிவிடும்.

வெள்ளி

விண்டோஸ் சர்வரிலும் இதே கதைதான். அங்குள்ள ஐஐஎஸ் என்ற இணைய சர்வரில் தளம் ஓடும் ஆப் பூலின் பெயருக்கு, டேட்டா ஃபோல்டரில் மட்டும், மாற்றும் அனுமதி தர வேண்டும். எவ்ரிஒன் என்ற பெயருக்கு எல்லாம் கொடுப்பது அங்கே 777-க்குச் சமம்.

போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் இன்னும் கறார். அதன் டேட்டா ஃபோல்டரின் அனுமதி 700 அல்லது 750-ஐத் தாண்டித் திறந்திருந்தால் சர்வரே கிளம்ப மறுக்கும். எல்லா மென்பொருளும் இப்படிப் பிடிவாதம் பிடித்தால் நல்லது. ஏனென்றால், 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆர்டரோடு ஏறும் போன் நம்பரும் தனிநபர் தரவுதான்.

சனி

லேத் பட்டறையின் பேக்கப் சோதனை. பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்த கோப்பின் உரிமையாளர் மறுபடி ரூட். நகலெடுக்கும் கட்டளை உரிமையாளர் விவரத்தைச் சேர்த்துக் காப்பாற்றவில்லை. ஸ்கிரிப்டைத் திருத்தி, மீட்ட கோப்பில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவின் பெயரிலேயே ஒரு ஆர்டர் எழுதிப் பார்த்தார்கள். ஏறியது. அந்தச் சோதனையையும் ஸ்கிரிப்டின் கடைசி வரியாகச் சேர்த்துவிடச் சொன்னார் பொறியாளர்.