களிக்குத் தொட்டுக்கொள்ள

மார்கழித் திருவாதிரையன்று எங்கள் வீட்டில் களியைப் பற்றி யாரும் சண்டை போட்டதில்லை. பச்சரிசியைச் சிவக்க வறுத்து, ரவையாக உடைத்து, பயத்தம் பருப்பும் வெல்லமும் தேங்காயும் நெய்யும் சேர்த்துக் கிளறினால் அது களி. சேந்தனார் வீட்டுக் களியைச் சிதம்பரத்து நடராஜர் ஏற்றுக்கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் அபிப்பிராய பேதம் இருக்க நியாயமில்லை. தகராறெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள வைக்கிற குழம்பில்தான்.

குழம்பு என்று நான் எழுதியதே தப்பு. என் தாயார் கும்பகோணத்துக்காரி. அவளுக்கு அது ஏழுகறிக் கூட்டு. தெருவில் இரண்டு வீடு தள்ளி இருந்தவர்கள் ஏழுதான் குழம்பு என்பார்கள். என் மனைவி பிறந்தது கல்லிடைக்குறிச்சியில். தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்கள் அதைத் தாளகம் என்பார்கள்.

கல்யாணமாகி வந்த முதல் திருவாதிரைக்கு, விடியற்காலையில் குளித்துவிட்டு அடுக்களைக்குள் வந்தவள், என் தாயாரிடம் மிகுந்த பணிவோடு கேட்டாள்: “அம்மா, தாளகத்துக்கு எள்ளு வறுத்துடட்டுமா?”

கூடத்தில் என் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சித்த வைத்தியத்தில் கொஞ்சம் பைத்தியம் உண்டு. “தாளகமா? அது அரிதாரம்னா! பாஷாணத்திலே சேர்ந்தது. களியோடே சாப்பிட்டா நேரே கைலாசந்தான்!” என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. வைத்திய நூல்களில் தாளகம் என்றால் அந்த மஞ்சள் பாஷாணந்தான். வீடே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்தான் என்று நினைக்கிறேன். நாவல் எழுதுகிறவனுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு ஹாஸ்யம் கிடைத்தால் விடுவானா?

என் தாயார் சிரிக்கவில்லை. அவள் மனம் எள்ளில் நின்றுவிட்டது. “நல்ல நாளும் அதுவுமா எள்ளாடீ?” என்றாள். எள்ளென்றால் தர்ப்பணமும் சிராத்தமும் அவளுக்கு ஞாபகம் வரும். அதே அம்மாதான் சனிக்கிழமைகளில் எள்ளுருண்டை பிடித்து எனக்குக் கொடுத்தவள். அதைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

இரண்டு ஊருக்கும் வித்தியாசம் பெயரோடு நிற்கவில்லை. எங்கள் கூட்டில் துவரம் பருப்பைக் குழைய வேகவைத்துக் கொட்டுவார்கள். தனியா, கடலைப் பருப்பு, மிளகாய் வற்றல், தேங்காய் எல்லாம் வறுத்தரைத்துச் சேரும். கரண்டியில் எடுத்தால் சற்றுக் கனமாக விழும். தாளகத்தில் பருப்பைத் தனியாக வேகவைப்பதில்லை. அரிசி, துவரம் பருப்பு, எள், மிளகாய், தேங்காய் எல்லாவற்றையும் வறுத்து அரைத்து, புளிக் கரைசலில் வெந்த காய்களில் விடுவார்கள். வாசனையே எள்ளுடையதுதான் என்று கேள்வி. ‘கேள்வி’ என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள், அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

காய் விஷயத்தில் மட்டும் இரு கட்சிகளும் ஒற்றுமை. எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும்; நாட்டுக் காயாக இருக்க வேண்டும். பூசணி, பரங்கி, வாழை, அவரை, சேனை, சர்க்கரைவள்ளி என்று ஆறு சேர்ந்த பிறகு மொச்சையைக் காயில் சேர்ப்பதா, பருப்பில் சேர்ப்பதா என்று ஒரு விவாதம் நடக்கும். பட்டாணியையும் உருளைக்கிழங்கையும் என் தாயார் இங்கிலீஷ் காய் என்று வாசலோடு திருப்பிவிடுவாள். பரங்கியும் சர்க்கரைவள்ளியும் மிளகாயுங்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. பரங்கி தன் பெயரிலேயே அதை ஒப்புக்கொள்கிறது. ஒரு வருஷம் இதை எடுத்துச் சொன்னேன். “வந்து எத்தனை காலமாச்சு! இன்னும் என்ன அசலூர்?” என்றாள் அம்மா. அப்போது என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சேனை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் கவனித்ததாக ஞாபகம் இல்லை.

சென்னையில் நாங்கள் குடியிருந்தபோது மாடியில் ஒரு மலையாளக் குடும்பம் இருந்தது. அவர்களுக்கும் திருவாதிரை உண்டு. ஆனால் அன்று பெண்கள் விரதம், அரிசியைத் தொடமாட்டார்கள். காச்சில், சேனை, சேம்பு, கூர்க்கை எல்லாம் போட்டுத் திருவாதிரைப் புழுக்கு என்று ஒன்று செய்வார்கள். அந்த அம்மாள் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தபோது, “எங்க ஊரிலே சிறுகிழங்குன்னு சொல்லுவோம் இதை” என்று கூர்க்கையை எடுத்துக் காட்டி என் மனைவி வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பேச அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்று ஆச்சரியமாக இருந்தது.

பெண்ணுக்குக் கல்யாணமாகி அவள் வடக்கே போன வருஷம், திருவாதிரைக்கு என்ன செய்ய வேண்டுமென்று கேட்டு எழுதியிருந்தாள். என் மனைவி உட்கார்ந்து இரண்டு பக்கம் பதில் எழுதினாள். விலாசம் எழுதித் தபாலில் சேர்ப்பது என் வேலை. ஒட்டுவதற்கு முன்னால் சும்மா பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் களி. இரண்டாம் பக்கத்தின் தலைப்பில், கொட்டை எழுத்தில், ‘தாளகம்’ என்று இருந்தது. எள் இரண்டு ஸ்பூன், வெறும் வாணலியில் வெடிக்கும் வரை வறுக்கவும் என்று அளவெல்லாம் சுத்தமாக எழுதியிருந்தாள். ஏழுகறிக் கூட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. கதைகளில் பாத்திரங்களின் பேச்சு வட்டாரத்துக்குத் தக்கபடி இருக்கவேண்டும் என்று கூட்டங்களில் பிரசங்கம் செய்கிறவன் நான். திருநெல்வேலிப் பேச்சு எனக்கு நன்றாக வருகிறது என்று விமர்சகர்கள்கூடப் பாராட்டியிருக்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கடிதத்தை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வருஷத் திருவாதிரைக்கு முதல் நாள், காய் வாங்கிவந்த பையில் ஒரு பொட்டலம் எள்ளும் வைத்தேன். அவள் எடுத்துப் பார்த்தாள்.

“இது எதுக்கு?”

“தாளகத்துக்கு.”

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். “அம்மா இருந்தா...” என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் உள்ளே போனாள். அம்மா காலமாகி அப்போது மூன்று வருஷம்.

மறுநாள் வீடெல்லாம் எள் வாசனை. எனக்கு அது புதுச் சுவை. பிடித்தது என்று உண்மையாகவே சொன்னேன். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு அவள் தன் இலையில் களியைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் ஒரு கரண்டி விட்டுச் சாப்பிட்டுப் பார்த்தாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

“ஏன், சரியா வரலையா?”

“வந்திருக்கு. எங்கம்மா பண்றாப்பலேதான் இருக்கு” என்றாள். விரலால் குழம்பைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். “ஆனா கொஞ்சம் பருப்பு வேகவெச்சுக் கொட்டியிருக்கலாமோன்னு தோணறது.”