பழநி: ஏறியது காலால், இறங்கியது விஞ்ச்சில்

பழநிக்கு வருஷா வருஷம் போகிற குடும்பம் எங்களுடையது. ஆனால் ஏழு வருடங்களாக எனக்கு மட்டும் பழநி என்றால் விஞ்ச் வரிசைதான். எல்லாம் வலது கணுக்கால் செய்த வேலை.

முதலில் வீட்டு வாசல்படியில் மடங்கியது. சுளுக்கு எடுப்பவரிடம் நீவிக்கொண்டேன்; பத்து நாளில் வீக்கம் வடிந்ததும் மறந்துபோனேன். அடுத்து ஒரு கல்யாண மண்டபத்தில், பிறகு பஸ்ஸில். அதற்கப்புறம்தான் எலும்பு மருத்துவரிடம் போனேன். "மூணு தடவையும் இறங்கும்போதுதானே?" என்றார். ஜோசியர் மாதிரி!

வெளிப்பக்கத் தசைநார் ஒருமுறை கிழிந்து சரியாக ஆறாவிட்டால் தளர்ந்துவிடுமாம். பாதம் எப்படிச் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்கிற உணர்வும் மந்தமாகிவிடுமாம். படி இறங்கும்போது விரல்கள் கீழ்நோக்கிப் போகும். கணுக்காலுக்குப் பிடிமானம் குறைவான நிலை அதுதான். அவர் சொன்ன பயிற்சி, ஒற்றைக் காலில் நிற்பது. குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை தினமும் அடுப்படியில் நின்றேன். வீட்டில் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

போன மாதம் அண்ணன் பேரனுக்கு மொட்டை. இந்த முறை நடந்தே ஏறுவது என்று முடிவெடுத்தேன். 693 படிகள் அல்ல, யானைப் பாதை. சுற்று அதிகம், ஆனால் அகலமான பாதை, சரிவும் குறைவு. வெறுங்காலோடுதான் ஏற வேண்டும் என்பதால் வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள். பாத விநாயகரைக் கும்பிட்டு, கணுக்காலில் க்ரேப் பேண்டேஜோடு, சுவரோரமாகவே நடந்தேன். வளைவுக்கு வளைவு உட்கார்ந்தேன். தெற்கே கொடைக்கானல் மலைகள் மேகத்துக்குள் கிடந்தன. இத்தனை வருடம் விஞ்ச்சில் போய் இதையெல்லாம் நிதானமாகப் பார்க்கவே இல்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. தண்டாயுதபாணியிடம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

தரிசனம் முடிந்ததும் அண்ணன் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான். "ஏறினவளுக்கு இறங்கத் தெரியாதா? கையைப் பிடிச்சுக்கோ, வா."

சின்ன வயதில் நான் தடதடவென்று ஓடி இறங்கிய படிகள். ஆசையாகத்தான் இருந்தது. நாலு படி இறங்கினேன். ஐந்தாவதில் கணுக்கால் லேசாக வெளியே சாய்ந்தது. வலிகூட இல்லை. ஆனால் அந்தச் சாய்வை எனக்குத் தெரியும்.

"நீங்க போங்கண்ணா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறி, விஞ்ச் டிக்கெட் எடுத்தேன். நன்றாக நடக்கிறவள் இங்கே எதற்கு என்பதுபோல ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெஞ்சில் இருந்த ஒரு பாட்டி, "முட்டியா கண்ணு?" என்றார்.

"கணுக்கால் பாட்டி."

"எனக்கு ரெண்டு முட்டியும்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் வாங்கி, அதை அங்கேயே திறந்தும் விட்டேன். அண்ணன் குடும்பம் அப்புறம்தான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தது.