முதலிடம் யாருக்கு?

தொகை நூல் பயிலும் எமக்குத் தொகுத்தார் யாவர், எவ்விதி பற்றித் தொகுத்தார் என வினவுதல் வழக்கமாயிற்று. மேனாட்டு மெல்லிசைப் பாட்டுக்களின் தரவரிசையைக் காணுந்தோறும் அவ்வினாவே எம் உள்ளத்து எழுகின்றது.

1952 நவம்பர் 14ஆம் நாள், 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்னும் இதழ் பிரித்தானியாவில் இசைத்தட்டு விற்பனையின் முதற் பட்டியலை வெளியிட்டது. பெர்சி டிக்கின்ஸ் என்பார் ஏறத்தாழ 20 கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, மிகுதியாய் விற்றவை எவையெனக் கேட்டுக் கூட்டினார்; அவ்வளவே. அல் மார்ட்டினோ பாடிய 'ஹியர் இன் மை ஹார்ட்' முதலிடம் பெற்று, 9 வாரம் இறங்காதிருந்தது. இடங்களோ 12, பாட்டுக்களோ 15! சமமாய் விற்றவற்றை ஓரிடத்தே அமர்த்தியதால் நேர்ந்த வேடிக்கை இது. மறு ஆண்டில் பிராங்கி லேய்னின் 'ஐ பிலீவ்' மும்முறை ஏறி 18 வாரம் முதலிடம் வகித்தது.

நிற்க. அமெரிக்க 'பில்போர்டு' இதழும் நெடுங்காலம் கடைக்காரர் சொல்லையே நம்பிற்று. யாம் இதனை எளிதிற் பொறுக்கமாட்டோம். சொல்பவர் விருப்பும் வெறுப்பும் கணக்கில் நுழையாவோ? 1991 மே மாதத்தில் அவ்விதழ் இசைத்தொகுதிகளுக்கு, விற்குந்தோறும் பொறியிற் பதிந்த கணக்கைக் கைக்கொண்டது. உடனே 'கண்ட்ரி' பாடகரும் 'ராப்' பாடகரும் மளமளவென மேலேறினர். அவர்களைக் கேட்போர் முன்னரும் இருந்தனரன்றோ! வானொலி நிலையங்கள் பெரிதும் ஒதுக்கிய 'என்.டபிள்யூ.ஏ.' குழுவினரின் தொகுதி, ஜூன் மாதத்திலேயே முதலிடம் எய்தியது.