தோட்டத்துச் செம்மண்ணில் சைக்கிள்

சைக்கிள் பிரியர்கள் மத்தியில் இப்போது 'கிராவல்' என்ற சொல் அதிகம் அடிபடுகிறது. தார்ச்சாலையில் பறக்கிற ரேஸ் சைக்கிளும் இல்லை, மலையில் குதித்து இறங்குகிற மவுண்டன் பைக்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. வளைந்த கைப்பிடி, 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகலமான டயர். சரளைக்கல், செம்மண், புல்தரை எதிலும் போகும். 2022இல் இத்தாலியில் இதற்கென்று முதல் உலக வெற்றியாளர் போட்டியே நடந்தது. இங்கிலாந்தில் 2020இல் வின்செஸ்டர் நகரில் தொடங்கி அங்கேயே வந்து முடிகிற 350 கிலோமீட்டர் வட்டப் பாதை ஒன்றை அறிவித்தார்கள். ஆல்ஃபிரட் மன்னர் பெயரைச் சூட்டிய அந்தப் பாதை கிராமங்கள், பண்ணைகள், ஸ்டோன்ஹெஞ்ச் கற்கள் என்று சுற்றி வருகிறது. விடுமுறை எடுத்துக்கொண்டு போய் அதில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். சரளைச் சாலைக்கு நமக்கா பஞ்சம்? நம் தாத்தாக்கள் விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கும் அங்கிருந்து வேலைக்காட்டுக்கும் சைக்கிளில் போனது எந்தச் சாலையில்? பால் வாளியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு அவர்கள் மிதித்ததும் கிராவல்தான். அதற்கு அப்போது யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வானொலியில் வாழ்த்து நிகழ்ச்சி நடத்துகிறவள் நான். நேயர்கள் அழைக்கும்போது "எங்கிருந்து பேசுறீங்க?" என்று கேட்பது வழக்கம். வயதில் பெரியவர்கள் பலர் இப்போது இருக்கிற தாமானின் பெயரைச் சொல்லிவிட்டு, "சொந்த ஊரு அந்தத் தோட்டம்மா" என்று ஒரு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். கோல சிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துப் பெயர்கள் நிறைய வரும். அந்தப் பெயர்களில் எத்தனைக்கு இன்னும் சாலை இருக்கிறது என்று பார்க்கத்தான் சைக்கிளை எடுத்தேன். கூட வந்தது இரண்டு தோழிகள்.

முதல் நாள் சுங்கை பஞ்சாங். கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், சிகிஞ்சான் தாண்டி, சுங்கை பெசாரில் உள்ளே திரும்ப வேண்டும். சபாக் பெர்ணம் மாவட்டம். மலாயில் 'பஞ்சாங்' என்றால் நீளம். ஊரும் பெயருக்கு ஏற்றபடி நீளமாகத்தான் கிடக்கிறது. நேர்கோடாக வெட்டிய பரிட்டுகள், ஒவ்வொரு பரிட்டுக்கும் ஓரமாக ஒரு சாலை, சாலையோரம் வீடுகள், வீட்டுக்குப் பின்னால் தென்னையும் செம்பனையும். ஜாவா வம்சாவளி மலாய்க்காரர்கள் அதிகம் வாழ்கிற பகுதி இது. காலைப் பசிக்குச் சிறு கடை ஒன்றில் தெம்பே, சம்பாலுடன் சோறு கிடைத்தது. நாசி அம்பெங்கும் இந்தப் பக்கம் பிரபலம். நான்கு பேர் சேர்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சாப்பாடு என்பதால் மூன்று பேருக்கு அது கட்டுப்படியாகவில்லை.

மேடு என்பதே இங்கு இல்லை. கடல் மட்டத்தை ஒட்டிய தரை, அதனால் தண்ணீரை வடியவிட்டால்தான் விவசாயம். எங்கு பார்த்தாலும் பரிட்டு இருப்பதற்குக் காரணம் அதுதான். கடலை நோக்கிய பக்கம் நெல்வயல். பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி, தெங்கி ஆற்றில் சேர்த்து, அங்கிருந்து பெரிய கால்வாய் வழியாக வயல்களுக்குக் கொடுக்கிறார்கள். 1930களில் தொடங்கிய திட்டம் இது. அந்தக் கால்வாய்க் கரைதான் சைக்கிளுக்கு ராஜபாட்டை. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வயல். எதிரே எப்போதாவது ஒரு மோட்டார் சைக்கிள் வரும். வயல் வரப்புகளில் கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்திருக்கிறார்கள். ஆந்தைக்கு வீடு. எலியை ஒழிக்க மருந்துக்குப் பதில் கூகை ஆந்தையை வளர்க்கிறார்கள். செம்பனைத் தோட்டங்களிலும் இதே பெட்டியைப் பார்க்கலாம்.

கடலை விட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் மண் மாறுகிறது. சக்கரத்துக்கு அது உடனே தெரிந்துவிடும். கடலோரக் களிமண் காய்ந்திருந்தால் சிமெண்டுத் தரை, மழை பெய்தால் பசை. டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். அடுத்து 'தானா கம்புட்' என்கிற கரிமண். இலையும் வேரும் மக்காமல் பல நூற்றாண்டாகத் தண்ணீரில் ஊறிக் கிடந்த மண் அது. மிதிக்கும்போது மெத்தை மாதிரி அமுங்கும். தண்ணீரை வடித்தால் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும், காய்ந்தால் தீப்பிடிக்கும். ராஜா மூசா, சுங்கை காராங் வனக் காப்பகங்கள் இந்த மண்ணில்தான் இருக்கின்றன. கோடையில் புகை என்று செய்தி வாசிக்கிறோமே, அதில் பாதி இந்தக் கரிமண் சங்கதிதான். மூன்றாவது செம்மண். கல் கலந்த சிவப்பு மண்ணை வேறு இடத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டி, உருளை ஓட்டிச் சமன் செய்த சாலை. கிராவல் சைக்கிளுக்கு இதைவிட நல்ல தரை கிடையாது.

இரண்டாம் நாள் தெற்கே, தோட்டங்களின் பக்கம் போனோம். பத்தாங் பெர்ஜுந்தை இப்போது பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. அதன் பக்கத்தில்தான் தென்னமாரம் தோட்டம். பெயரைக் கேட்டதுமே நமக்கு நம் தென்னைமரம் ஞாபகம் வரும். இந்த நாட்டில் வியாபாரத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான், 1917இல். நட்டவர் ஹென்றி ஃபோகோன்யே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. காடு வெட்டி, பரிட்டு தோண்டி, சாலை போட்டவர்களின் பெயர் செக்ரோலில் மட்டும் இருந்தது.

தோட்டத்துச் சாலை ஏன் இவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது? காரணம் குலை. செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பிவிடப் பார்ப்பார்கள். நேரம் ஆக ஆகப் பழத்தில் அமிலம் கூடி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதனால் எந்த மூலையில் வெட்டினாலும் பக்கத்தில் டிராக்டர் வருகிற சாலை வேண்டும். அந்தச் சாலைகள்தான் நமக்குச் சைக்கிள் பாதை. ஆனால் முள் ஜாக்கிரதை. மட்டையின் அடியில் இருக்கிற முள் சாதாரண டியூபை ஒரே குத்தில் முடித்துவிடும். டியூப் இல்லாத டயரில் பசைத் திரவம் ஊற்றிக்கொண்டு போவது நல்லது.

நாங்கள் போன தோட்டத்தின் பெயரை எழுதவில்லை; அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். வாசலில் தடுப்புக்கம்பு, காவல்கூண்டு. குலைத் திருட்டு அதிகம் என்பதால் யார் வந்தாலும் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். உள்ளே மூன்று கிலோமீட்டர் போனதும் சாலை இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை அகலம், டிராக்டர் தடம் பளிச்சென்று தெரிந்தது. இன்னொன்றில் நடுவில் புல். அந்தப் புல்சாலையின் முனையில் ஒரு பெரியவர் கையில் விளக்குமாறோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் தலைக்கவசத்தையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, சாமி பாக்க வந்தீங்களா, சைக்கிள் விட வந்தீங்களா?"

"ரெண்டும்தான் ஐயா" என்றேன்.

சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார். அரை கிலோமீட்டரில் ஒரு மாரியம்மன் கோயில். சின்னக் கோபுரம், தகரக் கூரை, வேப்பமரம். கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் செம்பனை. "இங்கதான் லயம் இருந்துச்சி. அதோ அந்த வரிசையில எங்க வீடு. அங்க ஆயக்கொட்டகை" என்று மரங்களைக் காட்டினார். மரங்களைத் தவிர வேறு எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்தது. முப்பது வருஷம் குலை வெட்டியவர். குடும்பங்கள் ஒவ்வொன்றாக டவுனுக்குப் போனதும் லயத்தை இடித்துவிட்டார்கள். இவரும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் மோட்டாரில் வந்து கோயிலைக் கூட்டி விளக்கேற்றுகிறார். ஆண்டுத் திருவிழாவுக்கு மட்டும் கிள்ளான், ஷா ஆலாம் என்று எங்கிருந்தெல்லாமோ கார்கள் வரும்.

அவருடைய கவலை கோயிலைப் பற்றியது இல்லை, சாலையைப் பற்றியது. செம்பனைக்கு ஆயுள் ஏறக்குறைய 25 ஆண்டு. அதற்குப் பிறகு காய்ப்பு குறைந்துவிடும், மரமும் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். எல்லாவற்றையும் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். அப்போது வரிசையும் பரிட்டும் மாறும், சாலையும் மாறும். வேலைக்குத் தேவைப்படாத சாலையில் கன்று நட்டுவிடுவார்கள். கோயிலுக்குப் போகிற இந்தச் சாலை எந்த வேலைக்கும் தேவைப்படவில்லை. மறுநடவுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். கோயில் கமிட்டி கடிதம் கொடுத்திருக்கிறது. நிர்வாகம் பார்க்கிறோம் என்றிருக்கிறது.

"ஆளு நடந்தாத்தாம்மா ரோடு. இல்லன்னா லாலான் மூடிரும். மூடுனப்புறம் இங்க ரோடு இருந்துச்சின்னு சொன்னா எவன் நம்புவான்?"

இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்குச் சட்டமே பதில் சொல்கிறது. தனியார் நிலத்துக்கு நடுவே போகிற பாதையாக இருந்தாலும், மக்கள் காலங்காலமாக நடந்த பாதை என்றால் அது பொதுவழியாகப் பதிவாகலாம். பதிவானபின் நிலத்துக்காரர் நினைத்தபடி அதை மூட முடியாது. குதிரைப் பாதைகளில் சைக்கிளும் போகலாம் என்று 1968ஆம் ஆண்டுக் கிராமப்புறச் சட்டம் உரிமை கொடுத்தது. ஆல்ஃபிரட் மன்னர் பாதை உருவாக முடிந்ததற்கு அந்த மாதிரிப் பழைய வழிகள் மூடப்படாமல் இருந்ததும் ஒரு காரணம். நம் தோட்டத்துச் சாலைகளுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. மூன்று தலைமுறை நடந்த சாலை என்றாலும் உள்ளே போக அனுமதி வேண்டும். நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. திருட்டு நடக்கிறது, விபத்து நடந்தால் பொறுப்பு அவர்களுடையது. ஆனால் ஒரு கோயிலுக்கு அரை கிலோமீட்டர் சாலையை மறுநடவு வரைபடத்தில் விட்டுவைப்பது பெரிய இழப்பு ஆகாது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று காவல்கூண்டுப் புத்தகத்தில் இருந்தால், கமிட்டி பேசும்போது அது உதவும். அன்று அந்தப் புத்தகத்தில் எங்கள் மூன்று பேரின் பெயரும் ஏறியது.

போக விரும்புகிற வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். புது சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் கிடக்கிற பழைய மவுண்டன் பைக் போதும். காலை ஏழரைக்குள் கிளம்புங்கள். பத்தரைக்கு மேல் வெயில், மதியத்துக்கு மேல் மழை. தலைக்கு இரண்டு போத்தல் தண்ணீர். உள்ளே கடை கிடையாது, பல இடங்களில் கைப்பேசிக்கு லைனும் கிடைக்காது. குலை லாரி வந்தால் இறங்கி ஓரமாக நில்லுங்கள். அது அவர்களின் வேலையிடம். கீழே கிடக்கிற உதிரிப் பழத்தைக்கூட எடுக்காதீர்கள். கால்வாய்க் கரைக்கும் கிராமத்துப் பரிட்டுச் சாலைக்கும் யாரையும் கேட்க வேண்டாம். தோட்டத்துக்குள் என்றால் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். உங்கள் அப்பாவோ பாட்டியோ பிறந்த தோட்டமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். எங்களுக்குக் கதவு திறந்தது அப்படித்தான். ஒரு தோழியின் பாட்டி அங்கே பால் வெட்டியவர்.

திருவிழாவுக்கு மட்டும் போகிறவர்கள், சாதாரண வெள்ளிக்கிழமை ஒன்றிலும் போய்ப் பாருங்கள். சைக்கிளிலோ காரிலோ, எதிலும் சரி. விளக்குமாறு ஒன்று கூடுதலாக இருந்தால் எடுத்துப் போங்கள். அங்கே கூட்டுகிறவர் ஒருவர்தான் இருக்கிறார்.